பால் சேராத பழ ரொட்டி

மாட்டுப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போன குட்டி, வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலை அப்படியே எடுத்துத் தொட்டியில் கொட்டினாள்.

"ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்று தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள் அம்மா.

"இனிமே எனக்குப் பால் வேண்டாம். முட்டை வேண்டாம், இறைச்சி வேண்டாம். மாட்டுக்கிட்டயிருந்து, கோழிக்கிட்டயிருந்து வர்ற எதுவுமே வேண்டாம்."

கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள் அவள். சின்ன வயதில் தெருவில் கிடந்த பூனைக்குட்டிகளையெல்லாம் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததால் அவளுக்கே குட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது. பிறந்து கொஞ்ச நேரம்கூட ஆகாத கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் அன்று பண்ணையில் அவளுக்குக் கொடுத்த வேலை. தாய்ப்பசு கம்பி வேலியோரமாய் நின்று தொண்டை கட்டிப்போகும்வரை கத்தியதாம். சாயங்காலம் மேசையில் அதை அவள் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கையிலிருந்த தேநீர் இறங்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு பேக்கரியில் வேலை. ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வரும் மைத்துனர்கூட அப்படித்தான். விடிவதற்கு முன்னால் போய் அடுப்பேற்றி, மதியத்துக்குள் ரொட்டி, பன், கேக் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்துவிடுவார். வெண்ணெயும் முட்டையுமே அவர் பிழைப்பு. ஆனாலும் மகளோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை.

"சரிம்மா. வேண்டாம்னா வேண்டாம். அப்ப நான் உனக்கு என்ன சுட்டுத் தர்றது?"

குட்டி கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கரும்பழுப்பு நிறத்தில் ஒரு ரொட்டி, வெட்டிய பக்கத்தில் திராட்சையும் வால்நட்டும் முழித்துக்கொண்டிருந்தன. பால் இல்லை, முட்டை இல்லை, வெள்ளைச் சர்க்கரையும் இல்லை.

"சர்க்கரை எந்த மாட்டுக்கிட்டயிருந்துடி வருது?" என்றாள் அம்மா.

"அது உடம்புக்குக் கெடுதல்மா."

அன்று அந்தப் பதிலை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிற்பாடு மாஸ்டர் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தார். பசுமாடு ஒரு வாசல் வழியாக வந்தது, சாப்பாட்டின் மேல் வந்த இந்தப் பயம் அப்போதே இன்னொரு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே விருந்தாளி என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டோமே என்று.

முதல் ரொட்டி பல்லிளித்துவிட்டது. கைபேசியில் இருந்த செய்முறையில் முட்டைக்குப் பதிலாக ஆளி விதையைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஊறும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டுக் கலந்துவிட்டார். பேரீச்சம்பழத்தைச் சரியாக மசிக்காததால் அதுவும் அடியில் கட்டியாய்த் தங்கி, வெந்து வந்தபோது மேலே வெடிப்பும் நடுவே களியுமாக இருந்தது.

அன்று வந்திருந்த மைத்துனர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "மாஸ்டர், இன்னும் ஒரு லோடு சுட்டுக் குடுங்க. பின்பக்கச் சுவர் ஒண்ணு பாதியிலயே நிக்குது, கட்டி முடிச்சிடலாம்."

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓய்ந்த நேரத்தில் பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பேரீச்சையைக் கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, கையாலேயே பிசைந்து விழுதாக்கினார். தோல் கறுத்துப் போன வாழைப்பழமாகப் பார்த்து வாங்கினார். கோதுமை மாவைச் சலித்து, சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினார். அத்திப்பழத்தையும் உலர்திராட்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டார். வால்நட்டை வறுத்து, நொறுக்காமல் கையாலேயே உடைத்துப் போட்டார். மாவை ரொம்பக் கிளறினால் ரொட்டி ரப்பராகிவிடும். கரண்டியால் நாலு புரட்டுப் புரட்டி அப்படியே அச்சில் கொட்டிவிட வேண்டும் என்று கை கண்டுகொண்டது.

அந்த ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மூன்றாவது மாடிவரை மணந்தது. மேசையில் வைத்து ஆறவிடக்கூட குட்டிக்குப் பொறுமையில்லை. சுடச்சுட ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா…" என்றாள். உடனே அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று வழக்கமாகிவிட்டது. குட்டி இரண்டு துண்டு வெட்டிப் படிக்கிற இடத்துக்கும் எடுத்துப் போவாள். அவளோடு படிக்கிற ஒரு பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே பால் ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இழுத்துக்கொள்ளும். பெரிய கண்ணாடி போட்டிருப்பதால் குட்டி அவளைக் கண்ணாடி என்பாள். "கண்ணாடி வாழ்க்கையிலயே முதல் தடவையா பேக்கரி ரொட்டி சாப்பிடறாப்பா. உங்களுக்குக் கோயில் கட்டணுமாம்" என்று குட்டி வந்து சொன்ன நாளில் மாஸ்டர் வால்நட்டை இன்னும் ஒரு கைப்பிடி கூடவே போட்டார்.

பிறகு ஒருநாள் குட்டி கேட்டாள், "அப்பா, பேரீச்சையைக் கொஞ்சம் குறைக்கலாமா? அதுவும் சர்க்கரைதானே."

குறைத்தார். ஒரு வாரம் கழித்து எண்ணெய் வேண்டாம் என்றாள். ஆப்பிளை வேகவைத்து மசித்துச் சேர்த்தார். அது சவால் மாதிரிதான் அவருக்கு இருந்தது. எண்ணெயே இல்லாமல் ரொட்டியை மெத்தென்று எடுத்துவிட்டதைப் பேக்கரியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். அப்புறம் அத்திப்பழம் போயிற்று. திராட்சை போயிற்று. கடைசியில், "வால்நட்ல கொழுப்பு ஜாஸ்திப்பா" என்றாள்.

"கொட்டையும் இல்ல, பழமும் இல்லன்னா அது என்னம்மா பழ ரொட்டி?"

"உங்களுக்கு முடியலன்னா விடுங்க. நான் ஆப்பிள் சாப்பிட்டுக்கறேன்."

அந்தக் குரல் அவருக்குப் பழக்கமில்லாத குரல். மென்று விழுங்கிக்கொண்டு, வால்நட் இல்லாமலே சுட்டுக் கொடுத்தார். அதையும் அவள் ஒரே ஒரு துண்டு எடுத்து, கத்தியால் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, தட்டில் அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் தட்டு அப்படியே இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அம்மாதான். துணிக்கடையில் அளவு திருத்துகிற வேலை அவளுக்கு. உடம்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டு, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைத்தே பழகிப்போனவள். மகளின் பாவாடை இடுப்பை ஒருமுறை பிடித்தாள், இன்னொரு முறையும் பிடித்தாள். அடுத்த தடவை குட்டி அதே பாவாடையை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"இதுக்கு மேல பிடிக்கத் துணி இல்லடி."

"அப்ப ஊக்கு குத்திக்கறேன்" என்று போய்விட்டாள் குட்டி.

அன்று மதியம் மாஸ்டர் மாடிப்படி ஏறி வந்து உட்காருவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள். "நீங்க பண்றது உங்களுக்கே நல்லா இருக்கா? அவ வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, நீங்களும் ஒவ்வொண்ணா எடுத்துட்டே வர்றீங்க. அடுத்து மாவு வேண்டாம்பா. காத்தைச் சுட்டுத் தருவீங்களா?"

"நான் குடுக்கலன்னா அதையும் சாப்பிட மாட்டேங்கறாளே. நான் என்ன பண்ணட்டும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவ குளிச்சுட்டு வரும்போது முதுகைப் பார்த்தேங்க. பெத்தவளால பார்க்க முடியல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏதாவது பண்ணுங்க. உங்களால முடியும். ஏதாவது பண்ணுங்க."

மாஸ்டர் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷம் ஊருக்கே ஊட்டிய கை அது.

மறுநாள் மதியம், பேக்கரியில் எல்லோரும் போன பிறகு, குட்டியின் ரொட்டிக்கு மாவு கலக்க உட்கார்ந்தார். எண்ணெய்ப் புட்டியை எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு வெண்ணெய்க் கட்டியை எடுத்தார். பிறகு கை தானாகவே போனது. பால் பவுடர், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரைப் பாகு. எது எவ்வளவு போட்டால் வாசனை காட்டிக்கொடுக்காது என்று அவருக்குத் தெரியாதா? பட்டைப் பொடியும் ஆரஞ்சுத் தோலும் கூடுதலாகப் போட்டு மூடிவிட்டார். வேண்டுமென்றே மேல்பக்கத்தைக் கொஞ்சம் காய விட்டார், பழைய ரொட்டி மாதிரியே இருக்கட்டும் என்று.

அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது மனசு கேட்டது, எண்ணெயை மட்டும் ஊற்றினால் போதாதா என்று. போதாது, போதாது, அவள் முதுகைப் பார்த்தாயா என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

குட்டி சாப்பிட்டாள். முதல் நாள் ஒரு துண்டு. இரண்டாம் நாள் தட்டில் துணுக்குகூட இல்லை. "இந்தத் தடவை நல்லா வந்திருக்குப்பா. என்ன பண்ணீங்க?" என்று கேட்டபோது மாஸ்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். "ஆப்பிள் நல்ல ஆப்பிளா அமைஞ்சுது."

ஒரு மாதம் அப்படியே ஓடியது. குட்டியின் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏறினாள். ஒருநாள் மாமாவோடு சீட்டு விளையாடி ஏமாற்றிக்கூட ஜெயித்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மதியம், மாஸ்டர் கொண்டுவந்த ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டவள், ஒரு கணம் நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெஷினுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் இருவரும் அந்த ரொட்டியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரே திருட்டைச் சேர்ந்து செய்தவர்கள் மாதிரி, மற்ற எல்லாவற்றையும் பற்றி ரொம்ப அன்பாகப் பேசிக்கொண்டார்கள்.

கண்ணாடியின் நினைவு மாஸ்டருக்கு வரவே இல்லை. குட்டி இளைக்கத் தொடங்கியதிலிருந்து ரொட்டியை வெளியே எடுத்துப் போவதை நிறுத்தியிருந்தாள். நாலு பேர் முன்னால் சாப்பிடுவதே அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. திரும்ப அவளுக்குச் சாப்பிடுகிற தைரியம் வரும், வந்தால் பகிர்ந்துகொள்ளத் தோன்றும் என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

ஒருநாள் மதியம் பேக்கரியில் கூட்டம். மாஸ்டர் உள்ளே தட்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு குட்டி வந்தாள். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து அவர் முன்னால் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, ரொட்டியில பால் இருக்கா?"

மாஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என்னம்மா ஆச்சு?"

"இருக்கா, இல்லையா?"

"கொஞ்சம்… பால் பவுடர்."

"வெண்ணெய்?"

அவர் ஆமென்று தலையை அசைத்தார்.

"முட்டை?"

அதற்கும் அசைத்தார்.

"எவ்வளவு நாளா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். குட்டி குரலை உயர்த்தவில்லை. "கண்ணாடிக்கு உதடெல்லாம் வீங்கிடுச்சு. மூச்சே வரல. அவ பையில எப்பவும் இருக்கற அவசர ஊசியை நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டே இருந்தாங்க. ரொட்டி மட்டும்தான், ஆனா அதுல பால் கிடையாதுன்னு நான் சொன்னேன். திரும்பவும் கேட்டாங்க. எங்கப்பா சுட்டது, அதுல நிச்சயமா இருக்காதுன்னு அடிச்சுச் சொன்னேன்பா. அவங்க வேற எதையோ தேடிட்டு இருந்தாங்க, என் பேச்சைக் கேட்டு."

"இப்ப எப்படி இருக்கா?"

"பொழைச்சுட்டா." குட்டி அவர் கைகளைப் பார்த்தாள். "எண்ணெய் ஊத்தியிருந்தீங்கன்னாகூட ரெண்டு நாள் கத்திட்டு விட்டிருப்பேன். பாலை ஏன்பா போட்டீங்க? அந்த ஒண்ணுதானே நான் நெஜமாக் கேட்டது."

அவள் போய்விட்டாள். மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றினார், மறுபடி கட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

கண்ணாடியின் வீட்டுக்கு அவர் தனியாகத்தான் போனார். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. மாஸ்டர் யாரென்று சொன்னதும் அந்த அம்மாள் உள்ளே கூப்பிடவில்லை.

"பண்ணினது நான்தான். குட்டிக்குத் தெரியாது. அவ மேல எந்தத் தப்பும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அவ பிறந்ததுலயிருந்து ஒரு கடையில ஒரு பொருளை நம்பி வாங்கினதில்ல நாங்க. ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் குடுப்பேன். முதல் முறையா ஒருத்தரை நம்பினோம்." அந்த அம்மாள் கதவுப் பிடியை விடவில்லை. "உங்க பொண்ணைக் காப்பாத்த நெனச்சீங்க. புரியுது. அதுக்கு என் பொண்ணா கிடைச்சா?"

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"கேக்காதீங்க. இப்ப என்னால முடியாது." கதவு சாத்தப்பட்டது, அறைந்து அல்ல, மெதுவாகத்தான். அது அவருக்கு இன்னும் வலித்தது.

வீட்டில் குட்டி எதையும் தொடவில்லை. தானே வாங்கி, தானே கழுவிய ஆப்பிளை மட்டும் தன் அறையில் வைத்துச் சாப்பிட்டாள். அம்மா வைத்த தண்ணீரைக்கூடக் கொட்டிவிட்டு வேறு பிடித்துக் குடித்தாள். "அம்மா, உனக்கும் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டாள். அம்மா பொய் சொல்லவில்லை. அதோடு அவளிடமும் பேச்சு நின்றது. மைத்துனர் வந்து தலைகீழாக நின்று பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. சோர்ந்த முகத்தோடு மாஸ்டரிடம் வந்தார். "மாஸ்டர், நான் அவளைச் சிரிக்க வைக்க முடியாம திரும்பிப் போறது இதான் முதல் தடவை."

இரண்டாம் வாரம் குட்டி மாடிப்படியில் விழுந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்து கிடந்தவளைக் கீழ்வீட்டுக்காரர்தான் பார்த்துக் கதவைத் தட்டினார். மாஸ்டர் அவளைத் தூக்கினார். மாவு மூட்டையைத் தூக்கிப் பழகிய தோளுக்கு அவள் கனமே இல்லை. அதுதான் அவரை உடைத்தது. படியிறங்கும்போதே சத்தம் போட்டு அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் மாஸ்டரையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். இது அடமும் இல்லை, அழகு பார்க்கிறதும் இல்லை, நோய் என்றார். நாடித்துடிப்பு ரொம்ப மந்தமாகிவிட்டது, கொஞ்ச காலம் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

மாஸ்டர் கேட்டார், "டாக்டர், இந்தப் பால் வேண்டாம், முட்டை வேண்டாங்கறது எல்லாமே இந்த நோய்தானா?"

"அதை நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. அவகிட்டத்தான் கேக்கணும். பால் முட்டை இல்லாமலே ஒருத்தி நல்லா சாப்பிட்டு நல்லா இருக்கலாம். ஆனா எவ்வளவு சாப்பிடறதுங்கறதை இப்போதைக்கு அவ கையில விட முடியாது. அது நம்ம பொறுப்பு. அவ கத்துவா, அழுவா, உங்களை வெறுக்கறேன்னு சொல்லுவா. தாங்கிக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணு. ரொட்டி விஷயத்தை அவ சொன்னா. இனி எதையும் மறைச்சுக் குடுக்காதீங்க. ஒரு சிட்டிகைகூட" என்றார்.

அம்மா தலை நிமிராமல் சொன்னாள், "இவரை மட்டும் சொல்லாதீங்க டாக்டர். ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னது நான். தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டதும் நான்தான்."

ஜன்னலோரக் கட்டிலில், போர்வைக்குள் குட்டி ஒரு மடிப்பு மாதிரி கிடந்தாள். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எதிர்க் கட்டிடத்தின் மொட்டைமாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"குட்டி, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. நீ வேண்டாம்னு சொன்னதுல எதெல்லாம் நீ சொன்னது?"

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தக் கன்னுக்குட்டி விஷயம் நான் சொன்னது. அது எப்பவும் நான்தான்." போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எண்ணெய், வால்நட் எல்லாம்… அது யார் பேசறதுன்னே எனக்குத் தெரியலப்பா. என் குரல்லயே பேசுது. விடிஞ்சதுலயிருந்து பேசுது. நீங்க ஒரு துண்டு குடுத்தா, பாதி போதும்ங்குது. பாதி சாப்பிட்டா, அதுவும் எதுக்குங்குது. அந்த ஒரு மாசம் கொஞ்சம் சத்தம் குறைஞ்சிருந்துச்சு. அப்புறம் நீங்க பொய் சொன்னது தெரிஞ்சதும் அது சொல்லுச்சு, பார்த்தியா, நான்தான் உனக்கு உண்மையா இருக்கேன்னு."

மாஸ்டர் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு அந்த வாய்ப்பைக் குடுத்தவன் நான்தாம்மா."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"நாளைக்கு ரொட்டி கொண்டுவர்றேன்" என்றார் அவர். "பால் இருக்காது. முட்டை இருக்காது. சர்க்கரையும் இருக்காது, பேரீச்சைதான். ஆனா எண்ணெய் இருக்கும். வால்நட் இருக்கும். நிறையவே இருக்கும்."

"எண்ணெய் வேண்டாம்."

"எண்ணெய் இருக்கும்."

"அப்ப சாப்பிட மாட்டேன்."

"சரி, கத்து, திட்டு. ஆனா எண்ணெய் இருக்கும்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டர் புது அச்சு, புதுக் கரண்டி, புதுச் சல்லடை வாங்கினார். பேக்கரியில் வெண்ணெய் படுகிற மேசைப்பக்கமே போகாமல், மருத்துவமனைக்கு எதிரே ஒரு வாடகைச் சமையலறையில் நின்று சுட்டார். மறுநாள் கொண்டுபோன ரொட்டியைக் குட்டி தட்டோடு தட்டிவிட்டாள். அடுத்த நாள் வால்நட்டையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போர்வைக்கடியில் மறைத்தாள். நர்ஸ் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பதில் வேறு வால்நட் வைத்தாள். அதற்கு மறுநாள் அழுதுகொண்டே கால் துண்டு சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "உங்களைப் பார்க்கவே பிடிக்கல" என்றாள். மாஸ்டர் தன் தட்டிலிருந்த துண்டைச் சாப்பிட்டு முடித்தார். வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"கால் துண்டு" என்றாள்.

"ஆமா. கால் துண்டு."

குட்டி வீட்டுக்கு வந்தபோது மரங்களில் இலை மாறியிருந்தது. சரியாகிவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. நல்ல நாள் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராத நாளும் இருந்தது. ஒரு தடவை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. வீட்டில் ரொட்டி சுடும்போதெல்லாம் அவள் சமையலறை வாசலில் நின்று ஒவ்வொன்றும் உள்ளே போவதைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டர், தன் கையைப் பிறர் காவல் காப்பதை அதற்கு முன் அறியாதவர். எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு ஊற்றினார். சில நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சீக்கிரம் ஊத்துங்க" என்பாள்.

ஒரு சாயங்காலம் கண்ணாடி வந்தாள், யாரும் கூப்பிடாமல். மாஸ்டருக்கு அவளை நேரே பார்க்கத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அம்மா சொன்னாங்க அங்கிள், நீங்க வந்தீங்கன்னு" என்றாள் கண்ணாடி. பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

குட்டிக்குத் தட்டு வைக்கிற நேரம். மாஸ்டர் ரொட்டியை வெட்டினார். பழக்கதோஷத்தில் இரண்டாவது தட்டையும் எடுத்தவரின் கை பாதியில் நின்றது.

"எனக்கு வேண்டாம் அங்கிள்" என்றாள் கண்ணாடி. கோபமாக இல்லை, தயங்கவும் இல்லை. பையிலிருந்து தன் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "இனிமே உங்க கையால எனக்கு முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. அது சரிதான்" என்றார் மாஸ்டர். தட்டை அலமாரியில் திரும்ப வைத்தார்.

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கண்ணாடி தன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரோ ஒரு வாத்தியாரின் நடையைப் பற்றியும், ஊசி போடப்போன அவரை வாத்து துரத்தியதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தி ரொட்டியைச் சதுரமாக நறுக்கத் தொடங்கியது. ஒரு சதுரம், இரண்டு சதுரம். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத் துண்டைக் கையால் எடுத்தாள்.

கடிப்பதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. மாஸ்டர் வாசலில் நிற்காமல் உள்ளறைக்குப் போய், மனைவி பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். அவள் மெஷினை நிறுத்தியிருந்தாள். இருவரும் சமையலறைப் பக்கம் திரும்பாமல், மெல்லுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.